புறவாசலில் குளோவர்

ஜின்சி: தேனீப் பெட்டிக்கு இவ்வளவு பக்கத்துல நின்னா கொட்டாதா மைனி?

பெமிலா: கையை ஆட்டாம நில்லு, ஒண்ணும் செய்யாது. அயர்லாந்துல ஒன் வீட்டுப் புறவாசல்ல ஈ மொய்க்குன்னு போன்ல அவ்வளவு சொல்லுவ... இந்த ரெண்டு பெட்டிக்கா பயப்படுத?

ஜின்சி: அது... அங்கத்த ஈ சாது. எங்க மைனி, லீவுக்கு வந்த அஜிஷாகிட்ட நான் விதை குடுத்துவிட்ட அந்த அயர்லாந்துப் பூச்செடி, குளோவர்?

பெமிலா: நீ நிக்கதே அதுக்க மேலதான்.

ஜின்சி: இதா?

பெமிலா: மூணு மூணு இலை. எண்ணிப் பாரு.

ஜின்சி: இலை செரி. பூ வெள்ளையா, உருண்டையால்லா இருக்கணும்... இது மஞ்சளா இருக்கு.

பெமிலா: நம்ம ஊரு வெயில் அப்பிடி. உங்க அண்ணன் துபாய்லேருந்து வரும்போ என்ன வெளுப்பு, இப்போ பாரு.

ஜின்சி: வெயிலு பூவுக்க நிறத்தையுமா மாத்தும்?

பெமிலா: ஒனக்குத் தெரியாததா? மழையில பூவெல்லாம் தலை குனிஞ்சு நிக்குன்னு நான் சொன்னா, அடுத்த வாரம் ஒன் தோட்டத்துலயும் அதே மாதிரி நிக்கும். இப்போ வந்து என்கிட்ட விசாரணையா... சாயா ஆறுது, குடி. எடம் வாங்குத அந்த ஆளு எப்போ வாறாராம்?

ஜின்சி: நாலு மணிக்கு. என் பங்கை அளந்து பாக்கணுமாம். அண்ணன்தான் வரச்சொல்லிருக்கு.

பெமிலா: ரெண்டு பெட்டியும் ஒன் பங்குலதான் இருக்கு.

ஜின்சி: தெரியும் மைனி.

பெமிலா: இதை வித்துட்டு, நீ இப்போ வாடகைக்கு இருக்க அந்தத் தோட்ட வீட்டையே வாங்கப் போறேன்னு உங்க அண்ணன் சொன்னாரு. அவ விக்க மாட்டா, அவ அனுப்புன விதை மொளச்ச மண்ணு, வந்து பாத்தா மனசு வராதுன்னு சொன்னேன். சிரிக்காரு. நீயே... ஏட்டி, என்னத்த வாயில போடுத?

ஜின்சி: இலையை.

பெமிலா: துப்பு.

ஜின்சி: புளிக்குது மைனி. இது புளியாரை. பள்ளிக்கூடம் போற வழியில எத்தன பறிச்சுத் தின்னுருக்கேன்...

பெமிலா: அந்த ருசி இன்னும் மறக்கல்லியா ஒனக்கு.

ஜின்சி: குளோவர் எங்க?

பெமிலா: மொளச்சுது. பொய் சொல்லல்ல, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி மொளச்சுது. மார்ச் வெயில்ல கரிஞ்சு போச்சு. தண்ணி ஊத்துனேன், பழைய சேலையக் கட்டி நிழல் போட்டேன். நிக்கல்ல.

ஜின்சி: போன ஞாயித்துக்கிழமை கூட வெள்ளை வெள்ளையா பூத்து நிக்குன்னு சொன்னியளே.

பெமிலா: சொன்னேன். நைட் டூட்டி முடிஞ்சு கூப்பிடுவ. மொதல்ல கேக்கது, பூத்திருக்கான்னு. இல்லன்னு எப்பிடி சொல்ல...

ஜின்சி: அப்போ ஈ என்னத்த தின்னுது? ரப்பர் தளிருல ஊறுத தேனும் முடிஞ்சாச்சு. இந்த மழையில அக்கம்பக்கத்துல எல்லாக் கூடும் காலின்னு அண்ணன் சொல்லிச்சே.

பெமிலா: அங்க பாரு, கக்கூஸ் கூரை மேல. கொடிரோஸ். தோவாளைலேருந்து கம்பு கொண்டுவந்து நட்டேன். வேலியோரம் தொட்டாவாடி, உங்க அண்ணன் வெட்டச் சொன்னாரு, வெட்டல்ல. முருங்கை வேற. மழை விடாத நாள்ல சீனித்தண்ணி. என் ஈ எங்கயும் போகாது.

ஜின்சி: எதுக்கு மைனி இவ்வளவு பாடு?

பெமிலா: இந்த வீட்டுல நான் சொன்னாக் கேக்கது இந்த ரெண்டு பெட்டிதான். செரி, பூ இல்லன்னு பாத்தாச்சு. இனி ஒன் இஷ்டம். வித்தா எங்கயாவது ஒரு மூலையில வச்சு வளப்பேன். வளத்துருவேன்... ஆனா இந்த எடம் அதுக்குப் பழகிட்டு.

ஜின்சி: அண்ணனுக்குப் போன் போடுங்க. அந்த ஆளு வரண்டாம்.

பெமிலா: நெசமாவா? அப்போ ஒன் வீடு? தோட்டம், குளோவர், ஈ... அதெல்லாம்?

ஜின்சி: நான் அங்க இருக்கது மூணாம் மாடி மைனி. ஒரு ரூம்ல மூணு பேரு. ஜன்னலத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு. அந்த விதை கடையில வாங்குனது. தோட்டமெல்லாம் ஒண்ணும் கிடையாது... நீங்க ஞாயித்துக்கிழமை சொல்லுவியளே, அதைக் கேட்டு வச்சுட்டுத்தான், அடுத்த வாரம் என் புறவாசல்ல பூத்ததா உங்களுக்கே திருப்பிச் சொன்னேன்.