பெரட்டுப் பழக்கம்

காலை 9.40. மலேசியாவின் செனாவாங் அருகே ஒரு தோட்ட மண்டபத்தில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. தோட்டம் விற்கப்படுகிறது. மாற்று வீடுகளுக்காக நிர்வாகத்திடம் பேசும் தலைவரை மக்களே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுப்பது இதுவே முதல் முறை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் சரசுவும் போட்டியிட்டார்கள். சீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும். இங்கே அதைப் பங்கா என்பார்கள்.

வாக்களித்துவிட்டு வந்த ஒரு பெண், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளிடம் குனிந்தாள்.

"மண்டோருக்குப் பெருசா பங்கா போட்டுட்டேன் ராணி."

"என்னக்கா இது? சரசுக்குத்தானே போடறோம்னு பேசினோம்?"

"அதான் லா. காலையில பேர் கூப்பிடற பெரட்டுல வராத ஆளுக்குத்தானே மண்டோர் பங்கா போடுவாரு. எத்தனை நாள் என் பேருல போட்டிருப்பாரு? இன்னைக்கு நான் போட்டேன்."

"அக்கா, வேணுங்கிற ஆளுக்குத்தான் பங்கா போடணும்."

"வேணுங்கிறவ பேருல யாரு லா பங்கா போடுவா? குடியுரிமை இல்லாதவங்களுக்குத் தர்ற சிவப்பு ஐசியை வச்சுக்கிட்டு நான் எந்த எலக்ஷன்ல ஓட்டுப் போட்டேன், இதெல்லாம் தெரிய?"

ராணி சுற்றிலும் பார்த்தாள். "வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"மேல் லயத்துல சிவப்பு ஐசிக்காரங்க மூணு பேருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அவங்க எங்க?"

"எனக்கு முன்னாடியே போட்டுட்டுப் போயிட்டாங்க."

மாலை பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். மண்டோர் சரசுவைவிட மூன்று வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றிருந்தார்.