மூன்று வயதில் போனவள்

"மச்சாள், மோட்சத்தில பிள்ளையள் வளருமோ?"

பேசாலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த தலை நரைத்த பெண் பக்கத்திலிருந்த இளையவளிடம் இப்படிக் கேட்டாள். இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது என்பது அவர்களுடைய பேச்சிலிருந்து எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஏன் கேக்கிறியள்?" என்றாள் இளையவள்.

"நாங்கள் அகதியா ஓடின அண்டைக்குப் படகு கவிழேக்க என்ர பிள்ளைக்கு மூண்டு வயசு. இருந்திருந்தா இப்ப இருபத்திமூண்டு. நான் அங்க போனா குழந்தையைத் தேடுறதோ, குமரைத் தேடுறதோ?"

"ஃபாதரிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். அங்க வயசே இல்லையாம். எனக்கு விளங்கேல்லை."

"அவளே உங்களைத் தேடி வருவாள்."

"கிழவியாப் போற என்னை எப்பிடி அடையாளம் பிடிப்பாள்? ஆண்டவர் ஒவ்வொருத்தரையும் ஏதோ ஒரு அலுவலாத்தான் உலகத்துக்கு அனுப்புறவராம். மூண்டு வருசத்தில அவள் என்ன அலுவலை முடிச்சவள்?"

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களை அம்மா எண்டு கூப்பிட்டவள்தானே. வேற ஆரும் கூப்பிடேல்லையே."

"ஓம்" என்றாள் மற்றவள். பிறகு, "அதுக்கு மட்டுமோ அனுப்பினவர்?" என்று கேட்டாள்.

மாதா கோயிலடியில் பஸ் நின்றதும் இளையவள் மச்சாளின் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.