பதினைந்தாவது ஓட்டு

எனக்கு எதையும் மெதுவாகத்தான் எழுத வரும், சார்ஜென்ட். நான் பேச, உங்கள் கான்ஸ்டபிள் எழுத என்று போனால் வரிசை குழம்பிவிடும். அதனால்தான் காகிதம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் எண்ட்விசில் சார் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: நடந்ததை நடந்த வரிசையில் எழுது, உனக்குத் தோன்றியதைத் தனியாக வை. இரண்டையும் நான் ஒருநாளும் சரியாகப் பிரித்ததில்லை. இங்கேயும் எங்காவது கலந்திருக்கும்.

என் பெயர் கிளிஃபர்ட் ஹோல்ட். வயது இருபத்தேழு. செருப்புத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். 1969 இலையுதிர்காலத்தில் உள்ளூர் வரலாறு வகுப்பில் சேர்ந்தேன். ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். நான் கால்வாய் கேட்டேன். அது முன்னமே வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது எங்கள் தோர்ன்டேல் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாறு.

அதை நான் குறை சொல்லவில்லை. செய்யச் செய்யப் பிடித்துப்போன வேலை அது. தொகுதி 1885-ல் உருவானது. முதல் முப்பது வருடம் ஆலை முதலாளிகளான லிபரல்கள், பிறகு தொழிற்கட்சி, நடுவில் இரண்டு முறை கன்சர்வேடிவ். 1923-ல் நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் வென்றார். மறு வருடமே தோற்றார். இடைத்தேர்தல் ஒன்றுகூட நடந்ததில்லை. எங்கள் உறுப்பினர்கள் யாரும் பதவியில் இருக்கும்போது சாகவில்லை. 1970 ஜூனில் வரவிருந்தது இருபத்து மூன்றாவது பொதுத்தேர்தல், அதுவே கடைசி. அதற்குப் பிறகு எல்லைகள் மாறும், தோர்ன்டேலை இரண்டாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பொருள் மாணவனுக்கு லேசில் கிடைக்காது.

என் முதல் வரைவைப் படித்துவிட்டு எண்ட்விசில் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணெல்லாம் சரியா இருக்குப்பா. ஆனா இதுல ஒரு மனுஷங்கூட இல்லையே. ஓட்டு என்ன தானா நடந்து போயா விழுந்துச்சு? எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட்ட ஒரு ஆளைத் தேடிப் புடி."

அப்படித்தான் ஹெஸ்டர் லோமாக்ஸ் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். நான் வாடகைக்கு இருந்த தெருவிலேயே கீழ்க்கோடி வீடு. வயது எண்பத்து நான்கு. பெண்களுக்கு முதன்முதலாக ஓட்டு வந்த 1918 முதல் ஒன்றைக்கூட விட்டதில்லை என்று தெருவே சொல்லியது. பத்து வருடமாகப் பார்வை இல்லை. கால்களும் தளர்ந்து, தேவாலயம் கொடுத்த சக்கர நாற்காலியில் இருந்தார். கூட இருந்தது மகள் வின்னி. நெசவாலையில் பகல் ஷிஃப்ட்.

"நீதான் அந்தத் தேர்தல் பையனா?" என்றார் முதல் நாள். "உக்காரு. பூனை மேல உக்காந்துடாத. அது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியாது, அதுக்கும் தெரியாது."

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் போனேன். நன்றாகப் பேசுவார். 1922-ல் வாசலுக்கு வந்த வேட்பாளர் கைக்குழந்தையான வின்னியைத் தூக்கிக் கொஞ்ச, அவள் அவர் சட்டை முழுக்கக் கக்கிவிட்டாள். "மனுஷன் மூஞ்சி சுளிக்கலையே. சரி போடா, உனக்கேன்னு போட்டுட்டேன். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. நிம்மதியா இருந்துச்சு." ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படி ஒன்று இருந்தது. 1931 பற்றிக் கேட்டபோது மட்டும், "மழை. போட்டேன். வேற என்ன?" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

1966 வரை பதினான்கு. ஜூனில் வரப்போவது பதினைந்து. வகுப்பில் அதைச் சொன்னபோது ஒருவர் கை தட்டினார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. அதற்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். தட்டினார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பார்வை இல்லாதவருக்குத் துணையாக ஒருவர் போய், அவர் சொல்லும் பெயருக்கு நேரே குறி போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. முன்பெல்லாம் வின்னிதான் போவாள். இந்த முறை நான் போகிறேனே என்று கேட்டேன், கட்டுரைக்காக. வின்னிக்கு ஆலை வேலை அலுப்பு. உடனே சரி என்றாள். யாருக்குப் போடப்போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதை இப்ப சொல்லுவேனா? அங்க வந்து உன் காதுல சொல்றேன். அதுவரைக்கும் மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இரு."

தேர்தல் நாளான ஜூன் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை நல்ல வெயில். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் போனேன். லோமாக்ஸ் அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். இடது கையை வலது கையால் பிடித்திருந்தார்.

"கிளிஃபா? நல்ல நேரத்துக்கு வந்தே கண்ணு. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. மூலைல பெட்டி இருக்குல்ல, போய் டாக்டருக்கு ஒரு போன் போட்டுடு."

பெட்டி என்றால் எங்கள் தெருவில் மூலையில் இருக்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. அதை யாரும் வேறு பெயர் சொல்லி அழைப்பதில்லை.

நான் யோசித்தேன். யோசித்ததையும் வரிசையாகவே எழுதுகிறேன். டாக்டர் உடனே வந்துவிடுவார், நல்ல மனிதர். வந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவார். மருத்துவமனையில் ஓட்டுப்பெட்டி இல்லை. குளிர்காலத்தில் இரண்டு முறை இதே மாதிரி வலி வந்து தானாகப் போயிருக்கிறது என்று வின்னி சொல்லியிருந்தாள். வாக்குச்சாவடியான ஞாயிறு பள்ளி, தொலைபேசிக் கூண்டைத் தாண்டி மேட்டில் இருக்கிறது. முதலில் ஓட்டு, இறங்கி வரும்போது போன். எப்படிப் பார்த்தாலும் கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

"உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்றேன். "ரெண்டு பேருமே பெட்டிக்குப் போகலாம்."

நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, "சரி, பெட்டிக்குப் போகலாம். என் கோட்டை எடு," என்றார்.

"இந்த வெயில்லயா?"

"கோட்டு இல்லாம நான் தெருவுல வர்றதில்ல. எடு."

கனமான கறுப்புக் கம்பளிக் கோட்டு. கைகளை நுழைக்க நேரமாயிற்று. இடது கை ஒத்துழைக்கவில்லை. கழுத்துவரை பொத்தான் போடச் சொன்னார், போட்டேன். மேல் பொத்தானை விரல்களால் தடவிப் பார்த்து, அதைப் பிடித்தபடியே உட்கார்ந்துகொண்டார்.

தெருவில் எதிர்வீட்டு ஆள் சுவரில் சாய்ந்து நின்றார். "என்ன ஹெஸ்டர், கட்சி உன்னைக் கார்ல வந்து ஏத்தலியா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லியிருப்பார். "சரிதான், கோவத்துல இருக்கு. ஜெர்மனிக்காரங்கிட்டத் தோத்ததுல இருந்து ஊரே இப்படித்தான் இருக்கு," என்று அவரே சொல்லிக்கொண்டார். முந்தைய ஞாயிறு கால்பந்து உலகக் கோப்பையில் இரண்டு கோல் முன்னால் இருந்துவிட்டுத் தோற்றிருந்தோம்.

மூலை வந்தது. தொலைபேசிக் கூண்டு காலியாக இருந்தது. கதவுகூடச் சரியாகச் சாத்தாமல் இருந்தது.

"பெட்டி வந்துடுச்சா கண்ணு?"

"இன்னும் வரல," என்றேன்.

இதை நான் நிறைய நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியுமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. நான் நினைத்த பெட்டி இன்னும் வரவில்லைதான்.

மேட்டில் ஏறும்போது இன்னொரு முறை கேட்டார். அவருக்குப் பார்வை இல்லையே தவிர, அந்தத் தெருவின் ஏற்ற இறக்கம் முழுக்க உடம்பில் இருந்தது. மூலையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்திருக்கும். "கிளிஃப், நீ என்னை எங்க கூட்டிட்டுப் போற?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "இதோ வந்துட்டோம்மா," என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு பள்ளி வாசலில் பொத்தானைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்தது. நாற்காலியை நிறுத்தி, முன்னால் வந்து குனிந்து பார்த்தேன். ஊகிக்காமல் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் படிந்த பழக்கம். மூச்சு இல்லை. காதை வைத்துக் கேட்டேன், கம்பளி வாசனைதான் வந்தது. கோட்டுக் காலரை நிமிர்த்திவிட்டேன். தலை நிற்க அது உதவியது.

ஓட்டுப் போட வந்தவர்களைக் கட்சிக்காகக் குறித்துக்கொண்டிருந்த, கட்சிப் பட்டை குத்திய ஒரு பெண் வந்து அம்மாவின் வாக்காளர் எண்ணைக் கேட்டாள். சொன்னேன். "பாவம், தூங்குறாங்க. எழுப்பாதீங்க," என்றாள் மெல்லிய குரலில்.

உள்ளே வரிசை இல்லை. சாவடி அதிகாரியும் எங்கள் ஊர்க்காரர். துணையாக வருபவர் கையெழுத்திட வேண்டிய படிவத்தை எடுத்தார். பார்வை இல்லை என்பதை வாக்காளரே சொல்ல வேண்டும் என்பது விதி. "லோமாக்ஸ் அம்மாவை எனக்குத் தெரியாதா? ஞாயிறு பள்ளியில என் காதைத் திருகினவங்க," என்று அவரே நிரப்பிக்கொண்டார். "அசந்துட்டாங்களா?"

"வெயிலு, அதுக்கு மேல கோட்டு," என்றேன். அதுவும் உண்மைதான். அன்று எல்லோரும் எங்களிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள்.

தடுப்புக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள். அந்த வருடம்தான் முதன்முதலாகப் பெயருடன் கட்சியும் அச்சிட்டிருந்தார்கள். நான் உண்மையாகவே அவர் வாய் அருகே காதைக் கொண்டுபோனேன். சொல்வதாகச் சொல்லியிருந்தார் அல்லவா. பிறகு அவருடைய பழைய ஓட்டுகளை மனதில் வரிசைப்படுத்தினேன். கடைசி நான்கு தேர்தல்களிலும் அவர் போட்டது தோற்றவருக்கு. அந்தப் போக்கின்படி குறி போட்டேன். அந்த ஆள் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். என் கணிப்பு தவறவில்லை. அந்த ஒரு ஓட்டால் எதுவும் மாறவும் இல்லை.

சீட்டை மடித்து அவர் விரல்களுக்கு நடுவில் வைத்து, என் கையால் அந்தக் கையைப் பிடித்துப் பெட்டியில் போட்டேன். பிறகு இறங்கி வந்து டாக்டருக்குப் போன் செய்தேன்.

இதயம், வயது எண்பத்து நான்கு என்று டாக்டர் எழுதினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி மூச்சுவரை கடமை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. என் கட்டுரையை வகுப்பில் படித்தபோது எண்ட்விசில் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வின்னி மட்டும் எங்கே பார்த்தாலும் ஒன்றையே கேட்பாள். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க கிளிஃப்?" நானும் ஒன்றையே சொல்வேன். "ஓட்டுப் போடணும்னு சொன்னாங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான்கு வருடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, சார்ஜென்ட். வேறு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

சென்ற மாதத் தேர்தலில் எங்கள் வாக்குச்சீட்டில் தோர்ன்டேல் என்ற பெயர் இல்லை. அதே ஞாயிறு பள்ளி, வேறு தொகுதி. வரிசையில் எனக்கு முன்னால் வின்னி அந்தக் கறுப்புக் கோட்டில் நின்றாள்.

"நல்ல கோட்டு," என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"இதுக்கு ஒரு கதை இருக்கு. வெளிய சொல்லிடாத, அம்மாவுக்குப் புடிக்காது," என்றாள். "முப்பத்தொண்ணுல ஆலையை மூடிட்டாங்க. இந்தக் கோட்டை நாந்தான் அடகுக்கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், பத்து வயசு எனக்கு. தேர்தல் அன்னிக்கு அப்பா கெஞ்சறாரு, வா ஹெஸ்டர், ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாம்னு. கோட்டு இல்லாம ஊரு முன்னாடி வர மாட்டேன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்த ஒரு தடவ போடல. அப்புறம் யாரு கேட்டாலும் போட்டேன்னுதான் சொல்லுவாங்க. ராங்கி. நீ சிரிக்கலையே, கிளிஃப்?"

நான் சிரிக்கவில்லை. அன்று முதல் சரியாகத் தூக்கமில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

அவர் டாக்டரைக் கேட்டார், நான் கூப்பிடவில்லை. கேட்ட இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. செத்துப்போனது தெரிந்தே உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் என் கட்டுரைப் பிரதி ஒன்று ஊர் நூலகத்தில் இருக்கிறது. அதில் பதினைந்து என்று இருப்பது தவறு. யார் மூலமாவது பதினான்கு என்று திருத்தச் சொல்லுங்கள். கணக்குப் பார்த்தால் பதிமூன்றுதானே வருகிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். 1931-ஐ நான் கழித்துவிட்டேன். 1970-ஐக் கழிக்க வேண்டியதில்லை. கோட்டை எடு, பெட்டிக்குப் போகலாம் என்று அன்று அவர் தன் வாயால்தான் சொன்னார்.