சொந்தப் பெயரைச் சொல்லும் காட்சி

உங்கள் ஸ்டேஷனில் தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை, ஐயா. புதினா நல்ல புதினாதான், தண்ணீரும் நன்றாகக் கொதித்திருக்கிறது. சர்க்கரையில்தான் யாரோ கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஓட்டலில் இப்படி ஒரு தேநீர் வெளியே போயிருந்தால் அடுக்களை பார்க்கும் யாம்னா போட்டவனைக் கரண்டியாலேயே சாத்தியிருப்பாள். பரவாயில்லை, குடிக்கிறேன்.

நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் மொராக்கோவின் தெற்கே கிடக்கும் எங்கள் வர்ஸாஸாத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேர் பலமுறை செத்தவர்கள். சினிமாக் கம்பெனிகள் வரும், அட்டையிலும் சுண்ணாம்பிலும் கோட்டை கட்டும், எங்களைக் கூட்டமாக நிறுத்தி வெட்டிச் சாய்க்கும். நானும் என் கூட்டாளி இத்தரும் ரோமானியர்களாகச் செத்திருக்கிறோம், எகிப்தியர்களாகச் செத்திருக்கிறோம். ஒருமுறை பனிமலைத் துறவிகளாக மொட்டையடித்துக்கொண்டு நல்ல வெயிலில் செத்தோம்.

நூற்றுக்கணக்கான பேர் அலறிக்கொண்டு விழும்போது எவனுக்கு நிஜமாகவே அடிபட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உண்மையான ஆபத்து என்றால் தன் சொந்தப் பெயரையும் அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கத்த வேண்டும். காதில் விழுந்தவன் பிணமாகக் கிடந்தாலும் எழுந்து ஓடிவர வேண்டும். இதில் யாரும் விளையாடுவதில்லை. குடிகாரன்கூட விளையாடமாட்டான்.

என் மேல் ஒருமுறை குதிரை விழுந்தது. "ஹத்து, தூடா மகன்" என்று கத்தினேன். பத்தடி தள்ளிச் செத்துக் கிடந்த இத்தர் எழுந்து ஓடிவந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான். காட்சி கெட்டது, டைரக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார், அந்தப் படத்தில் இத்தருக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. "கால் முழுசா இருக்கில்ல? அப்ப சரி. எனக்கும் செத்துச் செத்து முதுகு போயிருச்சுடா" என்றான். அப்படிப்பட்டவன்தான் அவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருதலையாகப் பேசவில்லை.

ஓட்டல் என் யோசனை. படக்காரர்கள் ஊருக்கு வெளியே விட்டுப்போன கோட்டை ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கால உடையை மாட்டிவிட்டு, இரண்டு நாள் ஒரு கதைக்குள் வாழவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். கோட்டைத் தலைவர், உப்புக் கொண்டுவரும் ஒட்டகக் கூட்டம், வெளியே எதிரிகள், உள்ளே ஒரு துரோகி. கதை முழுக்க நான் கட்டியது. இத்தருக்குப் பிரெஞ்சு வரும், கோட்டுப் போட்டால் பொருந்தும். அதனால் காசாபிளாங்காவில் பணக்காரர்களைப் பிடித்தான், மேனேஜர் ஆனான். சம்பளத்தை மிச்சம் பிடிக்கத் துரோகி வேஷமும் அவனே போட்டான். நான் சிறைக்காவலன்.

வாசலைத் தாண்டிவிட்டால் எங்களில் யாரும் வேஷத்தை விடக் கூடாது. அது கேட்பதற்கு அழகாக இருக்கும். செய்து பாருங்கள். யாம்னா கோட்டைத் தலைவரின் தாயார். அவளுக்குப் பேரன் பிறந்த சேதியைச் சொல்ல மகள் வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். விருந்தாளிகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "தூதுவனே, எந்த நாட்டிலிருந்து என்ன சேதி கொண்டாந்தே?" என்று நிமிர்ந்து கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய்த்தான் அழுதாள்.

விருந்தாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் விலையைக் கேட்டால் உள்ளூர்க்காரன் மயங்கி விழுவான். அவ்வளவு கொடுத்து வந்தவர்களுக்கு ஜன்னல் இல்லாத அறை, வைக்கோல் மெத்தை, வாசலில் ஆட்டு நாற்றம். லியோன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் விடிந்ததும் காப்பி கேட்டார். "காப்பியா? அது எந்த மலையில முளைக்கிற மூலிகை, எஜமான்?" என்றேன். முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் அதே பதிலைச் சொன்னபோது செருப்பைக் கழற்றினார்.

ஆரம்பத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். பிறகு கூட்டம் குறைந்தது. கடைசிக் குளிர்காலத்தில் கோட்டையை முற்றுகையிட்ட எதிரிகள் எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர், உள்ளே பயந்து நடுங்க வேண்டிய விருந்தாளிகள் இரண்டே ஜோடி. கதையை மாற்றினால் திரும்பவும் வருவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஹத்து, மனுசனுக்கு ஒரு நாள்தாண்டா கதை தாங்கும். மறுநாள் வெந்நீர் வேணும்" என்றான் இத்தர்.

நான் அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

பிறகு அவன் காசாபிளாங்கா போனான். மச்சானுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன மறுநாள் அளவு நாடாவோடு ஒருவர் வந்து முற்றத்தை அளந்தார். தானியக் குழியின் மூடியைக் காலால் தட்டிப் பார்த்தார். கோட்டையில் போலி இல்லாத இடம் அது ஒன்றுதான். அந்தக் காலத்து மனிதர்கள் பார்லி சேமிக்க நிஜமாகவே தோண்டிய பாதாளக் குழி.

"இதை மண்ணு போட்டு மூடிட்டு மேல நீச்சல் குளம். சுத்தி ஏசி ரூம். உங்க மேனேஜர்தானே பேசி முடிச்சாரு? உங்ககிட்ட சொல்லலையா, பெரியவரே?"

மனைவி ஓடிப்போன சேதியைத் தபால்காரன் வாயால் கேட்டது போல் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. என் கோட்டையை விற்றதுகூட இரண்டாம் பட்சம், ஐயா. என்னோடு உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றுகொண்டே விற்றிருக்கிறான். மச்சானுக்கு ஆபரேஷனாம்.

அவன் திரும்பும் நாள் காலையில் ஆட்களைக் கூட்டிவைத்துக் கதையில் ஒரு மாற்றம் என்றேன். துரோகியைக் குழியில் இறக்குவதுதான் எங்கள் கடைசிக் காட்சி. மூடியைச் சாத்தியதும் விருந்தாளிகளே சுற்றிலும் களிமண் பூசி அடைப்பார்கள். எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான், போட்டி போட்டுக்கொண்டு பூசுவார்கள். உள்ளே அவன் கொஞ்ச நேரம் கெஞ்சிக் கதறிவிட்டு, பக்கவாட்டுச் சுரங்கக் கதவு வழியாக அடுக்களைக்குப் பின்னால் வந்து தேநீர் குடிப்பான். புது மாற்றம் இதுதான் என்றேன்: இதுவரை பொய்ப் பெயரில் இருந்த துரோகி, குழிக்குள் தன் சொந்தப் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லிக் கத்துவான்.

யாருக்கும் பிடிக்கவில்லை. "அந்தப் பேரைச் சொல்லி விளையாடக் கூடாதுண்ணே. ஆகாது" என்றான் எதிரிப் படைத்தலைவனாக வருபவன்.

"இத்தரே ஒத்துக்கிட்டான். உனக்கென்ன?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வேஷம் மாட்டப் போனார்கள்.

சாயங்காலம் விருந்தாளிகள் முற்றத்தில் கூடியபிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். பஸ்ஸில் வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. அங்கியை நானே போட்டுவிட்டேன்.

"இன்னைக்கு வேற யாரையாச்சும் இறக்குடா. முட்டி கழண்டு விழுது."

"உன் அளவுக்குத் தோண்டின குழிடா அது. வேற எவனுக்குப் பொருந்தும்?"

சிரித்தான். "விருந்து முடியட்டும், உன்கிட்ட ஒண்ணு பேசணும். கோவிச்சுக்காம கேக்கணும்" என்றான். பேசலாம் என்றேன்.

நன்றாகத்தான் நடித்தான். நானும் நன்றாகத்தான் செய்தேன். கயிற்றில் இறக்கினோம், மூடியைச் சாத்தினோம், விருந்தாளிகள் களிமண்ணை அள்ளி அள்ளிப் பூசினார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தன் கை அச்சைப் பதித்துவைத்தாள். முதலில் அவன் வழக்கமான வசனத்தைக் கத்தினான். பிறகு கொஞ்சம் அமைதி. சுரங்கக் கதவு வெளியே தாழிட்டிருப்பதை அப்போதுதான் பார்த்திருப்பான்.

அதன்பிறகு கத்தினான். "இத்தர்! ஈஜ்ஜா மகன்!"

விருந்தாளிகள் கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. யாம்னா மட்டும் கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். அவளும் படங்களில் செத்தவள்தானே, கால் தானாக வந்திருக்கும். வேஷத்தை விட்டு, என் காதோரம் கேட்டாள்:

"ஹத்து, அது கதைதானே?"

"கதைதான்."

"உங்க அம்மா மேல சத்தியமா?"

"போய்ச் சோத்தைப் பாரு, யாம்னா. ஆறிடும்."

பெல்ஜியத்து அம்மாள் ஒருத்தியும் அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டாள். "துரோகிக்குத் தொண்டை நல்லா இருக்கும் தாயே, வாங்க சாப்பிடலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். குஸ்குஸ் சோறு அன்றைக்கு நன்றாக அமைந்திருந்தது.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை என்று முதலில் சொன்னேன், எழுதிக்கொண்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம். குளிர்காலத்தில் அவன் முட்டிக்காக நான் குழிக்குள் கரி அடுப்பு ஒன்று வைப்பது வழக்கம். சுரங்கக் கதவு திறந்திருக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை. அன்றைக்குக் கதவைத் தாழிட்டபிறகும் அடுப்பை எடுக்கவில்லை. அவன் வருவதற்கு முன்பே கரியும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தேன். மூடிய அறையில் கரி அடுப்பு எப்படி மூச்சை அடைத்துக் கொல்லும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குளிரக் கூடாதே என்றுதான் போட்டேன் என்று நேற்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காசாபிளாங்காவில் அவன் என்ன பேசினான் என்று நீங்கள் விசாரித்துச் சொன்னீர்கள். கோட்டையை வாங்குகிறவர்கள் அதை இடித்துவிட்டு எல்லாரையும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்களாம். ஒருவனையும் அனுப்பக் கூடாது, ஹத்துவுக்கு முதலில் வேலை போடுங்கள் என்று இவன் பிடிவாதமாக நின்றானாம். கேட்டேன், ஐயா. காது நன்றாகவே கேட்கிறது. வாசல்காவலன் வேலை. வெள்ளைச் சட்டை, டை, வருகிற கார்களுக்குக் கதவு திறப்பது. கதை கட்டினவனுக்கு அவன் வாங்கிவந்த பரிசு அது. இதைக் கோவித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டுமாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. யாம்னாவும் உங்களிடம் சொல்லியிருப்பாள், அவளும் கேட்டாள். இரண்டு மூன்று முறை தன் பெயரைக் கத்தியபிறகு அவன் குரல் தளர்ந்துவிட்டது. அப்புறம் கடைசியாக ஒருமுறை வந்தது. அது அவன் பெயர் இல்லை.

"ஹத்து! தூடா மகன் ஹத்து!"

பெயரைக் கேட்டதும் என் முட்டி தானாக அசைந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் வழக்கம் என்ன? ஆபத்தில் இருப்பவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அடுத்தவன் பெயரை இல்லை. அதனால் நான் ரொட்டியைப் பிய்த்து விருந்தாளிகளுக்குப் பரிமாறினேன். அவ்வளவு வருஷம் கூடவே செத்தவன், சாகிற நேரத்திலும் எல்லார் காதிலும் விழும்படி என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் பார்த்தான்.