எலுமிச்சையில் பதினைந்து நிமிடம்

மீனை வீட்டுக்குக் கொண்டுபோனதும் முதலில் அதன் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பழைய பருத்தித் துணி போதும். ஈரத்தோடு கல்லில் போட்டால் மீன் பொரியாது, வேகத்தான் செய்யும். இது பலருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் இப்போது மீன் கடை வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் மீனை அறுத்து முள்ளெடுத்துத் தர எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை சுவரில் இருக்கும் இந்தத் தாளைப் படியுங்கள். இதை எழுதி ஒட்டச் சொன்னவர் கடைக்காரர்தான். தெருவில் எல்லோரும் அவரை மீன்கார அக்கா என்போம். "நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. வர்றவங்க போறவங்க படிக்கட்டும்" என்றார். நியாயமாகத்தான் கேட்டார். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அக்கா, அக்காவைக் கட்டிய அத்தான், நான். அம்மா போன பிறகு அடுப்படி என்னிடம் வந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வறுத்துத் தட்டில் வைப்பேன். அப்பா சாப்பிட்டு முடித்து விரலைப் பார்ப்பார். "இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்" என்பார். அடுத்த ஞாயிறு வரை எனக்கு அது போதும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஆலையில் சங்கு ஊதிய மனிதர். அவர் ஊதினால்தான் ஆயிரம் பேர் உள்ளே போவார்கள், ஆயிரம் பேர் வெளியே வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் அதிகாரத்துக்கு மிச்சம் இருப்பது அடுப்படிச் சுவரில் தொங்கும் கடிகாரம் ஒன்றுதான். தினமும் காலையில் அவர்தான் சாவி கொடுப்பார். எங்கள் வீட்டில் கைப்பேசி காட்டும் நேரம் செல்லாது. "அது யாரோ எங்கேயோ உட்கார்ந்து சொல்ற நேரம். இது நான் வச்ச நேரம்" என்பார். சாப்பாடு, தூக்கம், மாத்திரை, அக்கா வேலைக்குக் கிளம்புவது எல்லாம் அந்தக் கடிகாரப்படிதான். அதன் கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது. கரண்டிக் காம்பால் தொட்டாலே முள் நகரும். இதை யாரும் கவனித்ததில்லை. கவனித்திருக்கலாம்.

அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நல்ல மனிதர். இதை எந்த இடத்திலும் சொல்வேன். வீட்டோடு வந்து இரண்டு வருடம் ஆகியும் அப்பா அவரை "அவரு" என்றுதான் சொல்வார். "அவரு சாப்பிட்டாரா?" அவர் எதிரிலேயே என்னிடம் கேட்பார். அத்தானுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் பெயின்ட் டப்பாக்களில் மண் நிரப்பி பால்கனியில் புதினாவும் கொத்தமல்லியும் போட்டார். தினமும் காலையில் குனிந்து அவற்றை நலம் விசாரிப்பார். செடிகள் தழைத்ததும் என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் அடுப்பை எனக்குக் குடும்மா. முள்ளெடுத்த மீன், எலுமிச்சை, கொஞ்சம் ஆரஞ்சு, நம்ம புதினா. உங்க அப்பா ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா போதும். அப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"தாராளமா செய்யுங்க அத்தான்" என்றேன். என் குரலில் வித்தியாசம் ஏதும் இல்லை.

அவர் செய்முறை எளிமையானது. துடைத்த மீனில் உப்பும் மிளகும் தடவி, எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு வெண்ணெயில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். இறக்கும்போது நறுக்கிய தழையையும் துருவிய ஆரஞ்சுத் தோலையும் தூவ வேண்டும். முதல் ஞாயிறு அவர் பழத்தைப் பிழிந்தபோதே வாசனை கூடம் வரை போனது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். என் மீனுக்கு அவர் அப்படித் தலையைத் தூக்கியதில்லை.

எலுமிச்சை நல்ல பொருள்தான். ஆனால் மீனுக்கு அது பதினைந்து நிமிடம் வரைதான் உறவு. அதற்கு மேல் விட்டால் மீன் அடுப்பைப் பார்க்காமலே வெந்துவிடும். வெளுத்துப்போய் வாயில் சாக்கட்டி மாதிரி உதிரும். இது எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். அதனால்தான் அவர் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் புதினா பறிக்கப் பால்கனிக்குப் போனார். நான் கரண்டிக் காம்பால் பெரிய முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். திரும்பி வந்து பார்த்தார். "அட, இன்னும் நேரம் இருக்கே" என்றார். தழையை அலசத் திரும்பினார். மறுபடி தள்ளினேன். நறுக்கக் குனிந்தார். மறுபடி. ஊராருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவர், தலைக்கு மேலே முள் பின்னால் போவதைப் பார்க்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது.

அப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். "அவரு பாவம், கஷ்டப்பட்டிருக்காரு" என்று என்னிடம் சொன்னார்.

நான் நேரத்தைத் திருடினேன் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. மதியம் எல்லோரும் தூங்கும்போது எடுத்த அளவை அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை.

சின்னச் சின்ன அசௌகரியங்கள் இருந்தன, அதை மறுக்கவில்லை. அக்கா மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். ஞாயிறு மதியம் வேலை இருந்தால் சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும். இரண்டு முறை பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. பெரிய நர்ஸ் எச்சரிக்கை எழுதியே கொடுத்துவிட்டார். அப்பா தன் கைக்கடிகாரம் முந்துகிறது என்று மூன்று முறை பழுதுபார்க்கக் கொடுத்தார். அது ஆலையில் விடைபெறும்போது அவருக்குப் போட்டுவிட்டது. கடைசியில் "எனக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் பார்க்கவில்லை.

அத்தான் மனம் தளரவில்லை. தன் கையில் பிழை இல்லையென்றால் பிழை மீனில்தான் என்று முடிவு செய்தார். "இந்தக் கடையில பழைய மீனைத் தள்ளிவிடறாங்க" என்று அக்கா மாடிப்படியில் நின்று சொன்னாள். மாடிப்படியில் சொன்னது தெருமுனைக்குப் போக ஒரு நாள் போதும். நீங்கள் இப்போது நிற்கும் இந்த வரிசை மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆறாவது ஞாயிறு எனக்குக் காய்ச்சல். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். அடுப்படியில் அத்தானும் கடிகாரமும் மட்டும். வெண்ணெய் வாசனை வந்தது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வியர்த்தது. அப்பா இன்னொரு துண்டு கேட்டார். பிறகு என் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"காய்ச்சலோட எந்திரிச்சு வந்து சமைச்சியாம்மா? ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்!"

கொஞ்சம் யோசித்தேன். "ஆமாப்பா" என்றேன். "லேசா எந்திரிச்சேன்."

அத்தான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சற்று நேரத்தில் எனக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதில் எலுமிச்சை பிழிந்திருந்தது. இதை எழுதச் சொல்லி மீன்கார அக்கா கேட்கவில்லை. எழுதினால் நல்லது என்று நானாக எழுதுகிறேன்.

ஏழாவது ஞாயிறு மீன்கார அக்காவே வந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ், நெகிழி ஏப்ரன், கையில் ஐஸ் பெட்டி. முக்காலியை இழுத்து அடுப்படி நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"செய்யுங்க தம்பி. என் மீன்ல என்ன கோளாறுன்னு நானும் பார்க்கறேன்."

"உங்களைத் தப்பா சொல்லலைங்க…" என்று அத்தான் இழுத்தார்.

"தப்பா சொல்லலையா? நாலு மாடியும் சொல்லிட்டு இருக்கு!"

பெட்டியிலிருந்து தேங்காய் அளவு ஐஸ் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் மீன் தட்டை வைத்தார். அத்தான் சாறு ஊற்றினார். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். ஆள் இருக்கிறதே என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் பழக்கம் பழக்கம்தான். மீன்கார அக்கா புதினாவைப் பார்க்க எழுந்துபோனபோது ஒரு தடவை. அவருக்குத் தும்மல் வந்தபோது ஒரு தடவை. அவர் என் அக்காவோடு சண்டை போட்டபோது மூன்று தடவை.

"எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

"எட்டு நிமிஷங்க."

மீன்கார அக்கா தட்டைத் தூக்கினார். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"இருபது வருஷமா ஐஸோட மாரடிக்கிறேன்" என்றார் மெதுவாக. "இந்தக் கட்டி எட்டு நிமிஷத்துல கரைஞ்சா நான் என்னைக்கோ கடையை மூடியிருப்பேன்."

பிறகு கிண்ணத்திலிருந்து கண்ணைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்திலிருந்து என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து கரண்டியைப் பார்த்தார். அதன் காம்பு அப்போது ஏழின்மேல் இருந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை. அப்பா கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு அடிபட்டதா என்று பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல்முறையாக அத்தானிடம் நேராகப் பேசினார். "பெட்டியில இன்னும் மீன் இருக்கா? இருந்தா போடுங்க. நேரம் நான் சொல்றேன்." தொள்ளாயிரம் வரை வாய்விட்டு எண்ணினார். அறுநூற்று நாற்பதில் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலுக்கு எத்தனை சேர்ப்பது என்று அவருக்கும் மீன்கார அக்காவுக்கும் சின்ன வாக்குவாதம். தொள்ளாயிரம் என்றதும் சங்கு மாதிரி ஊதினார். மீன் கல்லுக்குப் போனது.

சாப்பிட்டார். கண்ணை மூடி மென்றார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

அத்தான் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்தார். அப்பா இன்னொரு வாய் வைத்து, "காய்ச்சல் அன்னைக்கும் இதே ருசிதான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

வாக்குக் கொடுத்தபடி அத்தான் அடுப்பை விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அப்பாதான் விடவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை மீன் மாப்பிள்ளைதானாம். மீன்கார அக்கா ஏப்ரனை முடிந்துகொண்டே, தெருவில் எல்லோருக்கும் இந்தச் செய்முறையைச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. இந்தக் கடையில் மீன் எப்போதும் புதிதுதான். தவறு முழுவதும் என்னுடையது. பிராயச்சித்தமாக அந்தச் செய்முறையை நாற்பது துண்டுச் சீட்டுகளில் என் கையால் எழுதி, இந்தத் தாளுக்குப் பக்கத்து ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். மீன்கார அக்கா அதைப் படித்துப் பார்க்கவில்லை. படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், ஈரக் கையோடு கண்ணாடியைத் தொடமாட்டார், அவர் கை எப்போதும் ஈரம். இவ்வளவு நீளத்தைப் படிக்க உங்களுக்கும் பொறுமை இருக்காது. பரவாயில்லை. போகும்போது ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு போங்கள். நேற்றே முப்பத்தொன்று போய்விட்டது. எல்லாம் அத்தான் சொன்னபடியேதான் எழுதியிருக்கிறேன். ஊற வைக்கும் நேரத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறேன்.