விரிசல் இல்லாத டேஷ்போர்டு

வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே ரெங்கத்திலிருந்து புறப்பட்டேன், சார்ஜன். உங்கள் போலீஸ் நிலையத்து வாசலில் இருப்பது ஒரே ஒரு மரம். நல்லவேளை, அதன் அடியில் என் பிக்கப்பை நிறுத்த இடம் கிடைத்தது. மத்தியானம் திரும்பினால் நிழல் அந்தப் பக்கம் போய்விடும். அதற்குள் முடித்துவிடலாம். நீங்கள் முதலில் மைலோவைக் குடியுங்கள், ஆறினால் ஏடு கட்டிவிடும். நான் தமிழில் மெதுவாகச் சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் என் நண்பன் அர்ச்சுனன் இறந்தபோது இதே மேசையில் உட்கார்ந்து உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை தவறாகப் போய்விட்டது. உங்கள் தவறு இல்லை, நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள். திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அந்த வார்த்தைக்கு வருவதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. பொந்தியானில் ஒரு தோட்டத்துக் கொல்லையில் இந்த லேண்ட் குரூசர் பிக்கப் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் காலத்து ரகம். போய்ப் பார்த்தால் முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்துத் தாயோடு இறங்கும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்து வந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் உயிரைத் துன்புறுத்தும் ஆள் இல்லை நான்.

அதன் பிறகு வருஷக்கணக்கில் அதுதான் என் வேலை. துருவைச் சுரண்டி, அடித்தட்டை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். இன்ஜினைப் பிரித்துச் சமையலறையில் வைத்துக் கழுவினேன். உடம்பை உயர்த்தி, சேற்று டயர் மாட்டினேன். ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட வேண்டும் என்று கூரை உயரத்துக்குக் குழாய் வைத்தேன். முன் பம்பரில் வின்ச் பொருத்தினேன். இரும்புக் கயிறு சுற்றிய உருளை. சேற்றில் புதைந்த லாரியைக்கூட இழுத்து வெளியே போடும்.

என் மனைவி யோகம் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ரெங்கத்துல எங்க இருக்கு ஆறு? பாசாருக்குப் போயி மீன் வாங்கவா இந்த மூச்சுக்குழாய்?"

அவளுக்குப் புரியாது. சேற்றில் இறங்கத் தகுதியான வண்டியைச் சேற்றில் இறக்காமல் வைத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவுவேன், துடைப்பேன், குளுவாங் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து மறுபடியும் கழுவுவேன்.

வெளியே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே மட்டும் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. எல்லாம் அசலாகத்தான் கிடைத்தது, ஒன்றைத் தவிர. டேஷ்போர்டு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும் அந்தக் கறுப்புப் பலகை. நம் வெயிலுக்கு அது வெடித்துவிடும். இந்த ரகத்தில் வெடிக்காத டேஷ்போர்டு ஜொகூரிலேயே கிடையாது. தாய்லாந்தில் செய்த மூடி கிடைக்கிறது, மேலே ஒட்டினால் விரிசல் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே. என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கிடையாது என்று சொன்னேன் அல்லவா, ஒன்று இருந்தது. அர்ச்சுனனிடம்.

நானும் அவனும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவன் லாபிஸ் பக்கம் சின்னதாகச் செம்பனைத் தோட்டம் போட்டிருந்தான். அதே ரகம், அதே வருஷத்து வண்டி. ஆனால் வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் அழுகை வரும். பழக்குலை ஏற்றி ஏற்றிப் பின்பெட்டி ஓட்டை. இடது கதவை ராஃபியா கயிற்றால் கட்டியிருப்பான். அதற்குள்ளே, சார்ஜன், புத்தம் புதிதாக, ஒரு மயிரிழை விரிசல் இல்லாத டேஷ்போர்டு. அவன் அப்பா ஐயாசாமி பழக்கிய பழக்கம். வண்டியை நிறுத்தினால், இறங்குவதற்கு முன் 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் விரிப்பார். அவரிடமிருந்து மகனுக்கு வந்தது. துண்டு கிழிந்தால் துண்டு மாறும், விரிப்பது மாறாது.

பலமுறை கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

"மச்சான், அத மட்டும் குடுத்துருடா. உனக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

"இது என்ன பல்லு செட்டா, கழட்டி மாட்ட? போடா லா."

"குலை ஏத்துற வண்டிக்கு எதுக்குடா அது?"

"குலை பின்னால இருக்கு, நான் முன்னால இருக்கேன். எனக்குப் பாக்க ஏதாச்சும் அழகா வேணாமா? ஷாமளா வண்டியில ஏறவே மாட்டேங்குறா."

அவன் மனைவி ஷாமளா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏறுனா மட்டும் என்னையவா பாக்கப்போறாரு, அண்ணே? துண்டு போத்துன அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் பாப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். அவன் என் தோளில் தட்டிச் சொன்னான், "நான் கண்ண மூடுனப்புறம் வந்து எடுத்துக்கடா. யாரு வேணாங்குறது?"

அவன் வாயால் சொன்னது. ஷாமளா சாட்சி. இதை நான் திருடினேன் என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஆனால் வெறுமனே கண்ணை மூடினால் போதாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்கும் தெரியும். என் பெரியப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இன்றைக்கும் பொட்டு வைத்து வருஷாவருஷம் மாலை போடுகிறார்கள். பிள்ளைகளைத் தொடவிட மாட்டார்கள். சித்தப்பா காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனார். காருக்கு ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் கருமாதிக்கு முன்பே யாருக்கோ சும்மா தள்ளிவிட்டார்கள். உயிர் பிரிந்த வண்டி வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. படித்தவர்கள் வீட்டிலும் இதுதான்.

இதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. மற்றவர்கள் நம்புகிறார்கள் என்பதை மதிக்கிறவன்.

அன்றைக்கு அவன்தான் கூப்பிட்டான். ஒரு வாரம் கொட்டிய மழை விட்டு, வெயில் அடித்த நாள். தோட்டத்துக்குள் கால்வாய் உடைந்து பாதையெல்லாம் சேறு. வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. அங்கே ஃபோனுக்கு லைன் கிடையாது, கூரைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஏறி நின்று பேசினான்.

"மச்சான், உன் வின்ச்சுக்குக் கல்யாண நாள் வந்திருச்சு. கன்னி கழிச்சுட்டுப் போ, வா."

அவன் பேச்சு அப்படித்தான். நான் போனேன். என் வண்டியைச் செம்மண் மேட்டில், டயரில் சேறு படாமல் நிறுத்தினேன். கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, கயிற்றின் கொக்கியை அவன் வண்டியில் மாட்டினேன். அவன் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான். நான் மேட்டுக்கு வந்து, வின்ச்சின் பொத்தானைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவன் சொன்னான்.

"மச்சான், நெஞ்சு அடைக்குதுடா."

அதற்கு முந்தின வருஷமே அவனுக்கு இதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"உன் வண்டியில ஏத்திட்டுப் போடா," என்றான்.

சார்ஜன், நீங்கள் என் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். மேட்டுக்கு அவனைத் தாங்கிக்கொண்டு வர என்னால் முடியும், எனக்கு உடம்பில் வலு உண்டு. ஆனால் வழியில் என் வண்டிக்குள் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வருஷக்கணக்கில் உழைத்த வண்டி. யோகம் அதை ஒரு நாள் வீட்டில் வைத்திருப்பாளா? சரி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அதில் போகும்போது ஏதாவது ஆனால், தோஷம் ஆம்புலன்ஸுக்குப் போய்விடும். ஷாமளா அவன் பிக்கப்புக்கு மாலை போட்டு வாசலில் வைத்துக்கொள்வாள். வெயிலிலும் மழையிலும், துண்டு போட ஆள் இல்லாமல், அந்த டேஷ்போர்டு ஒரே வருஷத்தில் வெடித்துவிடும். யாருக்கும் பயனில்லை.

அதனால், "இறங்காதடா, சேறு ஆழம். உள்ளயே உக்காரு, நான் இழுத்துர்றேன்," என்றேன்.

"ஆம்புலன்ஸு?"

"சொல்லிட்டேன், வர்றாங்க," என்றேன். சொல்லவில்லை. லைன் கிடைக்க வேண்டுமானால் நான் என் வண்டிக் கூரைமேல் ஏற வேண்டும். பெயிண்ட் அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அவன் வேர்வையில் நனைந்திருந்தான். டேஷ்போர்டின் மேலிருந்த துண்டை இழுத்து முகம் துடைத்துக்கொண்டான். கண்ணாடி வழியே வெயில் நேராக உள்ளே அடித்தது. நான் மறுபடியும் சேற்றில் இறங்கிப் போய், அவன் மடியிலிருந்து துண்டை எடுத்து விரித்துவிட்டு வந்தேன். அவன் என்னைப் பார்த்து ஏதோ சிரிக்க முயன்றான். "அலமாக், நீயும் எங்கப்பா மாதிரியே," என்றான். சந்தோஷப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"இழுடா," என்றான் பிறகு.

"ஜாம் ஆயிருச்சு மச்சான், கொஞ்சம் பொறு," என்றேன்.

பொறுத்தான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பான். சீட்டை விட்டு அசையவில்லை.

அவன் தலை சாய்ந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவசரப்படக் கூடாது என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் அவனுக்கு சீட்பெல்ட் மாட்டிவிட்டேன். மேடேறும்போது அவன் முன்னால் சரிந்து மோதினால், அத்தனையும் வீண். "பெல்ட் போட்டிருக்காரு, கவனமான மனுஷன்," என்று அன்றைக்கு நீங்கள்கூடச் சொன்னீர்கள். பாராட்டு எனக்கு வர வேண்டியது, நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஷாமளா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் நீங்கதான் கூட இருந்தீங்க, அண்ணே. அந்த வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. ஒரு ஸ்க்ரூகூட என் கண்ணுல படக்கூடாது." எனக்கு வேண்டியது டேஷ்போர்டு மட்டும்தான். அவள் மனம் நோகக் கூடாதே என்று முழு வண்டியையும் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு வருத்தம். யோகம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். "அந்த வண்டிச் சாமான் நம்ம வண்டியிலயா? நீங்களே ஓட்டுங்க, நான் பஸ்ஸுல போய்க்கிறேன்," என்றாள். முனியாண்டி கோயிலில் பூசாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறுத்துவிட்டார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் நடந்தது. பிக்கப் ஓட்டும் நம் பையன்கள் பின்மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருப்பது தெரியாமல் என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

"லோகேஸ் அங்கிள் வின்ச்சா? ஆட்டக்கூட இழுக்காது லா."

"பாவம் அர்ச்சுனன் அங்கிள். அந்தத் தகர டப்பாவ நம்பி உக்காந்திருந்தாரு."

"சும்மா ஷோவுக்கு மாட்டுனது. வயரிங்கே தப்பாம்."

வயரிங் தப்பாம். ஒவ்வொரு இணைப்பையும் நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தவன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, சார்ஜன். அர்ச்சுனன் போனபோதுகூட நான் சாப்பிட்டேன்.

அதனால்தான் வந்தேன். பழைய வாக்குமூலத்தில் வின்ச் 'ரோசாக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பழுது எதுவும் இல்லை. பொத்தானை நான் அழுத்தவில்லை, அவ்வளவுதான். அவன் உயிர் போவதற்குக் காத்திருந்தேன். போனதும் அழுத்தினேன். ஈரச் சேற்றிலிருந்து அந்த வண்டி, ஆள் உட்பட, ஒரே இழுப்பில், வெண்ணெயில் இழுத்த நூல் மாதிரி வந்து நின்றது. அப்படி ஒரு இழுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேட்டவர்களுக்கு நேரம் போனதன் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, வின்ச் மேல் பழி போட்டேன். அது நான் செய்த தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? வின்ச் நன்றாக வேலை செய்தது என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். மற்றதைப் பிறகு எழுதலாம்.

சாவியா? இதோ. சாட்சிக்காக வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்றால் சரி. முறைப்படி எதுவோ அதைச் செய்யுங்கள். ஆனால் வரும்போது பார்த்தேன், பின்பக்கம் கூரை இல்லை, மரமும் இல்லை. சீட்டுக்கு அடியில் அர்ச்சுனனின் துண்டு இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் யாராவது ஒருவரை அதை எடுத்து டேஷ்போர்டின் மேல் விரித்துவிடச் சொல்லுங்கள். அர்ச்சுனன் ஒரு நாள்கூட அதை மறந்ததில்லை.