பாய்க்குள் போன பதினேழாம் எண்

ஆயுதக் காப்பாளர், வாரண்ட் அதிகாரி தானியேலா லோலோஹெயா அவர்களின் பணி நிறைவு விழாவில், கிடங்குப் பணியாளர்கள் அன்போடு வாசித்தளிக்கும் மடல்

அலை சூழ்ந்த டோங்காவின் ஆயுதக் கிடங்கை முப்பத்தோர் ஆண்டுகள் அயராது காத்த ஆற்றலாளரே! உப்புக் காற்றோடு ஒற்றையாய் நின்று ஒவ்வொரு நாளும் போரிட்ட உரவோரே! எண்ணி எண்ணியே எங்கள் பொறுமையை எல்லை வரை இட்டுச் சென்ற எண்ணிக்கைப் பெருந்தகையே! தங்களை வணங்கி, வாழ்த்தி, இவ்வளவு நாள் வைதவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, இம்மடலை வாசிக்கத் தொடங்குகிறோம்.

தாங்கள் பணியில் சேர்ந்தபோது இக்கிடங்கின் கூரை தகரம், இன்று காங்கிரீட். இடையில் மூன்று பெரும்புயல்கள் வந்து போயின. மூன்றிலும் தங்கள் வீட்டுக் கூரை பறந்தது. மூன்றிலும் கிடங்கில் ஒரு துப்பாக்கியும் நனையவில்லை. காற்று எழும்பும்போதெல்லாம் தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தங்கள் துணைவியார் கலோலினே அம்மையார் முன்வரிசையில் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதால், அந்தக் கூரைகளைப் பற்றி இதற்கு மேல் பேசாமல் நகர்கிறோம்.

துருவைத் துரத்திய தூயவரே! துப்பாக்கி எண்ணெய் ஏற்றிய கப்பல் ஒருமுறை ஆறு வாரம் தாமதித்தது. அறிவாளிகளான நாங்கள் வீட்டிலிருந்து பூவாசத் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, ஆட்டக்காரிகளின் தோளுக்குப் பூசுவதுபோல் அத்தனை குழல்களுக்கும் பூசி மினுக்கிவிட்டோம். அணிவகுப்பு நாளில் மைதானமே மணத்தது. எறும்புகளும் எங்களோடு அணிவகுத்து வந்தன. தாங்கள் ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இது துப்பாக்கியா, கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டீர்கள். அடுத்த இரண்டு நாட்கள் நாங்கள் வெந்நீரும் துணியுமாய்க் கழித்தோம். பிசுபிசுப்பு இன்னும் எங்கள் விரல்களில் இருப்பதாகவே எங்களுக்கு ஒரு நினைப்பு.

தொட்டு எண்ணும் தோன்றலே! காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொரு துப்பாக்கி மீதும் உள்ளங்கையை வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, பிறகே பதிவேட்டில் எழுதுவது தங்கள் வழக்கம். கண்ணால் எண்ணியதைத் தாங்கள் எண்ணிக்கையாக ஏற்றதே இல்லை. "காலைலதான எண்ணினோம் ஐயா, அதுக்குள்ள நடந்தா போயிடும்?" என்று சலித்துக்கொண்டவர்கள் எங்களில் பலர். "அது நடக்காதுடா. நீங்க நடப்பீங்கல்ல, அதான் பயம்" என்பீர்கள். பெரிய நாடுகளில் ஒரு துப்பாக்கி குறைந்தால் ஒரு காகிதம் கூடும், அவ்வளவுதான். நம் நாட்டுப் படைத் துப்பாக்கிகள் மொத்தத்தையும் ஒரு தேவாலயக் கூடத்தில் சாத்தி வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் பாட்டுக் குழுவையும் உட்கார வைக்கலாம். இங்கே ஒன்று குறைந்தால் ஊர் முழுக்க உறக்கம் குறையும்.

அப்படி ஒன்று குறைந்த கதையை இன்று சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது ஆண்டுகளாய் அரசல்புரசலாய் உலவும் கதை அது. அரைகுறையாய் அறிந்தவர்களே இந்த அரங்கில் அதிகம்.

வெளித்தீவு ஒன்றில் ஒரு பெரிய குடும்பத்து மூத்தவர் காலமானார். இறுதி மரியாதைக்காக இருபத்துநான்கு துப்பாக்கிகள் சனிக்கிழமை காலையில் படகேறின. கடல் தெறிக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் கித்தான் உறை. எங்களில் ஒருவனுடைய உறை மட்டும் கிழிந்திருந்தது. கிழிந்ததைத் தங்களிடம் சொன்னால் திட்டு விழும் என்று, தன் பதினேழாம் எண் துப்பாக்கியை வீட்டுப் பாய் ஒன்றில் சுருட்டி எடுத்து வந்தான். மூன்று முறை வேட்டு முழங்கியது, அழுகை முடிந்தது, பந்தி விரிந்தது. அவனும் மறுபடி துப்பாக்கியைப் பாயில் சுருட்டிக் கூடத்துச் சுவரில் சாத்திவிட்டு, பன்றி இறைச்சிக்கும் வள்ளிக்கிழங்குக்கும் முன்னால் சம்மணமிட்டான்.

சாவு வீட்டில் சுவரோரம் சுருட்டி நிற்கும் பாய், நம் ஊரில் வேறு எதுவாக இருக்க முடியும்? சீர்தான். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அதையும் மற்ற பாய்களோடு சேர்த்து அடுக்கி, இறந்தவரின் அத்தை வழியில் மூத்தவரான லுசெயானே அம்மையாருக்கு, சாவு வீட்டுச் சீரைப் பெறும் ஃபஹு என்ற உரிமைக்கு உரியவருக்கு, முறைப்படி வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மையார் தலைநகரில் வாழ்பவர் என்பதால், அந்தச் சீர் திரும்பி வந்ததும் எங்கள் படகில்தான். பாய்க்குவியலில் தன் சுருளைப் பார்த்த அவன், சரி, படகில் ஏறிவிட்டது என்று நிம்மதியாகக் கண்ணயர்ந்தான். கரை சேர்ந்ததும், அவன் கண் விழிப்பதற்குள், அம்மையாரின் பிள்ளைகள் குவியல் முழுவதையும் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

அன்று மாலை தங்கள் உள்ளங்கை பதினாறில் இருந்து நேராகப் பதினெட்டுக்குப் போனது. படகில் போய்வந்த வரிசையை மூன்று முறை எண்ணினீர்கள். மூன்று முறையும் இருபத்துமூன்று. வாசல் கதவு சாத்தப்பட்டது. துப்பாக்கி வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றானது. அவன் தங்கள் முன் வந்து நின்று சொன்னான்: "ஐயா, பாய்ல சுத்தி வெச்சேன்... அந்தப் பாய் அத்தையம்மா வண்டில போயிடுச்சு." தாங்கள் கை ஓங்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "சாப்பாடு நல்லா இருந்துதா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஓங்கியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைய கேப்டன் இரண்டு யோசனைகள் சொன்னார். "இப்போதைக்கு இருபத்துநாலுன்னு எழுதிடுங்க, காலைல பாத்துக்கலாம்" என்பது ஒன்று. "கையால தொட்டது இருபத்துமூணு. அதத்தான் எழுதுவேன்" என்று எழுதியே விட்டீர்கள், அதுவும் மையால். "அப்ப ஜீப்ப எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வாங்க" என்பது மற்றொன்று. அதற்குத் தாங்கள் சொன்னது எங்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது: "அத்தைக்குப் போன சீர ஜீப்புல போய்த் திருப்பிக் கேக்கறதா? அப்புறம் நம்ம பசங்க யாரு அந்தத் தீவுல கால் வெக்க முடியும்? எங்கம்மாவே எனக்குச் சோறு போட மாட்டா."

நெருக்கடியோ இரட்டை நெருக்கடி. திங்கட்கிழமை காலை தணிக்கைக் குழு வருகிறது. அதே காலை விமானத்தில் லுசெயானே அம்மையாரின் மகள், தாய்க்கு வந்த பாய்களில் பாதியை எடுத்துக்கொண்டு ஆக்லாந்து போகிறாள். நம் படைத் துப்பாக்கி ஒன்று அயல்நாட்டு விமான நிலையத்தில் பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுதான் எங்கள் கண்ணில் தெரிந்தது. அவனுக்கோ சிறைதான் கண்ணில் தெரிந்தது. மணமாகி ஓராண்டு, மனைவி நிறைமாதம்.

இடையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை, வாடகை வண்டி இல்லை, வேலை என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் இல்லாத நாள். அன்று நடந்ததைப் பின்னாளில் எங்களுக்குச் சொன்னவர் கலோலினே அம்மையார். முதல் ஆராதனை முடிந்ததும் தாங்கள் அவர்களிடம், தாய் வழியில் அவர்களுக்கு வந்த பரம்பரை மெல்லிய பாயைக் கேட்டீர்களாம். "துப்பாக்கியத் தொலச்சது ராணுவம், பாய் போறது என் வீட்லருந்தா?" என்று கேட்டார்களாம். கேட்டுவிட்டு, தாமே பெட்டியைத் திறந்தும் கொடுத்தார்களாம். அம்மையே, இந்த இடத்தில் அவை எழுந்து தங்களுக்குக் கை தட்ட வேண்டுகிறோம்.

இருவரும் நம் வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாய் சுற்றி, லுசெயானே அம்மையார் வீட்டு வாசலில் தலை தாழ்த்தி அமர்ந்து, கொண்டுபோன பாயை முன்வைத்தீர்கள். திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. இறந்தவரைப் பற்றிப் பேசினீர்கள். மழையைப் பற்றிப் பேசினீர்கள். சொந்தத்தைக் கிளை கிளையாய்த் தேடி, கலோலினே அம்மையாருக்கும் அவர் அத்தை முறைதான் என்று கண்டுபிடித்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த அம்மையார், தாம் சாய்ந்திருந்த பாய்க்குவியலைத் தட்டிக்கொண்டே கேட்டாராம்:

"நேத்தே நெனச்சேன். செத்தவன் வீட்ல இவ்வளவு கனமா பாய் நெய்ய யாரு இருக்கான்னு. யார்ரா சுருட்டுனது?"

"நான்தான் அத்தே."

"பொய் சொல்லாத. ஞாயித்துக்கிழம."

"கிடங்கு என்னுது அத்தே. அதுல யாரு சுருட்டுனாலும் நான் சுருட்டுன மாதிரிதான்."

தாங்கள் முன்வைத்த பாயை அம்மையார் தம் பக்கம் இழுத்துக்கொண்டாராம். பிறகு, "கேட்டு வந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன். சீர் கொண்டு வந்திருக்க. எங்கிட்டருந்து ஒண்ணு வாங்காம போனா எனக்குத்தான் அசிங்கம். அந்தக் கனமானத எடுத்துக்கோ. இன்னைக்கு நான் எதையும் பிரிக்கறதில்ல, அப்படியே தூக்கிட்டுப் போ" என்றாராம்.

தூக்கிக்கொண்டு வந்தீர்கள்! வெள்ளைச் சட்டையோடு, தோளில் பாய்ச்சுருளோடு, தலைநகரின் நெடுஞ்சாலையில் நாலு மைல். தேவாலயத்திலிருந்து திரும்பிய ஊரே தங்களை வாழ்த்தியது. "நல்ல சீர் கெடச்சிருக்கு போல!" என்றவர்களுக்கெல்லாம், "ஆமாமா, கொஞ்சம் கனம்தான்" என்றபடியே நடந்தீர்கள். வாசலில் நின்ற நாங்கள் அந்தச் சுருளைக் கண்டதும், சிலர் சிரித்தோம், சிலர் அழுதோம், இருவர் அப்படியே புல்லில் படுத்துவிட்டார்கள். அன்று விட்ட பெருமூச்சை அளக்கக் கருவி இல்லை. தாங்களோ நேரே உள்ளே போய், துடைத்து, எண்ணெயிட்டு, அதன் இடத்தில் வைத்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள். இருபத்துநான்கு.

இதுவரை அரங்கில் பலர் அறிந்தது. இனி வருவது அறியாதது. சனிக்கிழமை எழுதிய இருபத்துமூன்று அழிக்கப்படாமல் பதிவேட்டில் இருந்தது. திங்கட்கிழமை தணிக்கைக் குழு அதன்மேல் விரல் வைத்து, யார் பிழை என்று கேட்டது. முப்பத்தோர் ஆண்டுகளில் ஒரு பொய் எண்ணை எழுதாத தங்கள் கை, அன்று ஒரு பொய்ப் பெயரை எழுதியது. அது தங்கள் பெயர். கண்டனக் குறிப்பு தங்கள் கோப்பில் ஏறியது. வர இருந்த பதவி உயர்வு வராமலே போனது. அவன் பேச வந்தபோது, "வாயத் தொறக்காத. உன் பொண்டாட்டி பிரசவத்துக்கு நீ வீட்ல இரு. எனக்கென்ன, பாதி வயசு போயாச்சு" என்று அடக்கிவிட்டீர்கள்.

ஐயா, "நாங்கள்" என்றே எழுதச் சொல்லி இம்மடலை என் கையில் கொடுத்தார்கள். இந்த ஒரு பத்திக்கு மட்டும் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவன் நான்தான். இந்த ஒன்பது ஆண்டுகளில் என் மகள் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் சார்ஜென்ட் ஆகிவிட்டேன். இன்று மாலை தாங்கள் கழற்றும் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வருவதாக இருந்தது. கிடங்கின் பதிவுகள் யாவும் உண்மை என்று நான் கையெழுத்திட்டால்தான் சாவி கைமாறும். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. நேற்றுக் காலை தளபதி முன் நின்றேன்.

"ஒம்போது வருஷமா எங்கடா போன?" என்றார்.

"பயந்துட்டு இருந்தேன் ஐயா."

"இப்ப பயமில்லியா?"

"இப்பவும்தான் இருக்கு. ஆனா அவர் வீட்டுக்குப் போகும்போது என் குத்தத்தையும் சேத்து எடுத்துட்டுப் போகக் கூடாது ஐயா."

 தளபதி தங்கள் கோப்பை வரவழைத்து, கண்டனக் குறிப்பைத் தம் கையால் எடுத்து, என் கோப்பில் கோத்தார். சாவியை எனக்குத் தருவதா என்பதைத் தங்களையே கேட்டு முடிவு செய்யச் சொன்னார். தங்கள் மறுமொழி எதுவானாலும் தலைவணங்குவேன். நேற்றிரவு, ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக, நான் நன்றாகத் தூங்கினேன்.

கறையற்ற கோப்போடு விடைபெறும் கண்ணியரே! இனி தங்கள் காலைகள் எண்ணிக்கையின்றி விடியட்டும். தங்கள் கூரை எந்தப் புயலிலும் அசையாதிருக்கட்டும். புயல் வந்தால் கூரையைப் பிடித்துக்கொள்ளத் தாங்கள் வீட்டிலேயே இருக்கவும் கூடும். முழங்கால் வலி விலகி, கண் தெளிந்து, கலோலினே அம்மையாரோடு நூறாண்டு கடந்து வாழ ஆண்டவர் அருள்புரிவாராக. அம்மையார் கொடுத்த பாய்க்கு ஈடில்லை என்பது தெரிந்தும், எங்கள் மனைவியர் கூடி ஓராண்டாய் நெய்த ஒன்றை இம்மடலோடு அவர் மடியில் வைக்கிறோம். இதற்குள் எதுவும் இல்லை. பலமுறை தொட்டுப் பார்த்துவிட்டோம்.

தங்கள் உள்ளங்கையின் கீழ் வளர்ந்த கிடங்குப் பணியாளர்கள் பதினொருவர்,
அவர்களோடு,
பதினேழாம் எண்ணைத் தொலைத்தவன்,
சார்ஜென்ட் மனாசே ஃபோலாவ்